கிழிய மறுத்த பதாகை

அன்று லண்டனில் ஒரு மைதானத்தில் அண்ணி இருந்தார், நான் இருந்தேன், இரண்டு அணிகளாகப் பிரிந்து ஆட வந்த அவுஸ்திரேலியப் பெடியள் இருந்தார்கள். அண்ணை வரவில்லை. கிங்ஸ்பரியில், பெற்றோல் ஸ்டேஷனில், அவருக்குச் சனிக்கிழமை ஷிப்ட். அண்ணியின் அவுஸ்திரேலியக் கால்பந்துக் கழகமும் அங்கே இல்லை. அது பூமியின் மறுபக்கத்தில், மெல்பேர்னில், தன் கடைசி ஆட்டத்தை ஆடித் தோற்றுச் சில மணித்தியாலங்கள்தான் ஆகியிருந்தன. அடுத்த பருவத்தில் அந்தப் பெயரில் ஒரு கழகம் இருக்காது, வேறொன்றோடு சேர்த்துவிடுவார்கள் என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. கடன் கூடிவிட்டது, கூட்டம் குறைந்துவிட்டது என்று காரணம் சொன்னார்கள். அண்ணி அந்தக் காரணங்களை ஒருநாளும் மறுக்கவில்லை. அவற்றுக்குத் தலையாட்டவுமில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை கண்டவன் நான். அண்ணை எங்கள் ஊர் மயிலிட்டிக் கடலில் வலை வீசிக் கிடைத்த காசில்தான் படித்தேன். பிறகு இராணுவம் வேலி போட, ஊரே வெளிக்கிட வேண்டி வந்தது. இருவரும் லண்டன் வந்து சேர்ந்தோம். அண்ணைக்குப் பேசிச் செய்த பெண் மெல்பேர்னிலிருந்து வந்தார். பதினொரு வயதில் அங்கே போனவர். இரண்டு சூட்கேசோடு பச்சை வெள்ளைக் கோடு போட்ட ஒரு கம்பளிச் சால்வையும் கொண்டுவந்தார். கலியாணப் பெண்ணுக்கு அது என்னத்துக்கு என்று எங்கள் சனம் யோசித்தது. சரியாக ஒரு மாதத்தில் விடை தெரிந்தது. விம்பிள்டன் கோயிலுக்குப் போகிறோம் என்று வெளிக்கிட்டவர், கும்பிட்டு முடிந்ததும் விபூதி அழியாமல் பக்கத்து மைதானம் ஒன்றுக்கு என்னைக் கூட்டிப் போனார். அங்கே நீள்வட்டத் திடலில், நீள்வட்டப் பந்தை வைத்து, ஒருவன் தோளில் மற்றவன் முழங்காலை ஊன்றி ஏறிப் பாய்ந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். கோயில் வாசலில் அந்தப் பேச்சு அடுத்த வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. “புருசன் ஷிப்டிலை, பொம்பிளை பிளேகிரவுண்டிலை.” அண்ணி அதைக் கேட்டார். அடுத்த சனிக்கிழமை சால்வையைப் போட்டுக்கொண்டே கோயிலுக்குள் போனார்.

அண்ணை அந்த ஆட்டத்தை மதித்ததில்லை. “முட்டையை ஆரும் உதைப்பினமோ?” என்பார். “நேராப் போகத் தெரியாத பந்துக்குப் பின்னாலை இத்தினை தடியன்கள்.”

“நேராப் போறதுக்கு உங்களைக் கட்டியிருக்கிறன்தானே, அது காணும்” என்பார் அண்ணி.

ஆனால் கழகத்தை இல்லாமல் செய்யப்போகிறார்கள் என்ற செய்தி வந்த பிறகு அண்ணி பகிடி விடுவதை நிறுத்தினார். ஒருநாள் சமைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னார். மெல்பேர்ன் பள்ளிக்கூடத்தில் முதல் வருடம் அவரோடு ஒருவரும் கதைக்கவில்லையாம். அப்பா வேலைசெய்த தொழிற்சாலைக்குப் பக்கத்தில்தான் கழகத்தின் மைதானம். ஆட்டத்துக்கு முதல்நாள் அங்கே பெண்கள் நிலத்தில் குந்தியிருந்து, நிறக் கடதாசியை ஒட்டி, வீடளவு பதாகை ஒன்று செய்வார்கள். வேலிக்கு வெளியே நின்று பார்த்த பிள்ளையிடம் ஒருத்தி கடதாசிச் சுருளின் ஒரு நுனியைக் கொடுத்து, இழுத்துப் பிடி என்றாளாம். பெயர்கூடக் கேட்கவில்லை. மறுநாள் வீரர்கள் அந்தப் பதாகையைக் கிழித்துக்கொண்டு திடலுக்குள் ஓடிவந்தபோது, தான் ஒட்டிய மூலை எங்கே பறந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். “அந்த நாளிலையிருந்து நான் அந்த ஊர்க்காரி” என்றார்.

மெல்பேர்னில் கடைசி ஆட்டம் நடக்கும் அன்றைக்கு லண்டனில் தன் கழகத்தின் பெயரோடு ஒரு பதாகை நிற்கவேண்டும், அதைக் கிழித்துக்கொண்டு ஆட்கள் ஓடவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்.

“முடிஞ்சதுக்கு ஏன் செத்தவீடு கொண்டாடுறீர்?” என்று அண்ணை கேட்டார்.

“செத்தவீடெண்டால் அழுவினம். நான் அழேல்லை.”

விம்பிள்டன் அணியின் தலைவனிடம் கேட்கப் போனோம். அவன் பைப் வேலை செய்பவன். அண்ணியின் கழகத்துக்குப் பரம்பரை எதிரியான கழகத்தின் ரசிகன். அண்ணி சொன்னதை முழுக்கக் கேட்டான். பிறகு, ஆறு வயதிலிருந்து உங்கள் கழகத்தை வெறுத்து வருகிறேன், அதுவும் போய்விட்டால் இனி யாரை வெறுப்பது என்றான். பதாகையைப் பிடிக்க நீளமான பைப் இரண்டு தானே கொண்டுவருவதாகவும் சொன்னான். ஒரு ஆட்டம் அதன் சனத்துக்கு என்ன என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. எதிரிக்குக்கூட எதிரி வேண்டியிருக்கிறது.

கிங்ஸ்பரி வீட்டின் முன்னறை முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகக் கடதாசி. கோதுமை மாவைக் காய்ச்சிப் பசை. படித்தவன் என்பதால் எழுத வேண்டிய வாசகம் என் பொறுப்பு. நான்கு வரியில் எதுகை மோனையோடு எழுதிக் கொடுத்தேன். அண்ணி வாசித்துவிட்டு, “தம்பி, ஓடி வாறவனுக்கு இவ்வளவும் வாசிக்க நேரமில்லை” என்றார். பிறகு தானே தூரிகையை எடுத்து, கழகத்தின் பெயருக்குக் கீழே, ஆங்கிலத்தில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் எழுதினார்: “நாங்கள் போகேல்லை.” வாசலில் நின்ற அண்ணை அதை வாசித்தார். எங்கள் ஊரும் அப்போது வேறு யாரோ ஒருவரின் வரைபடத்தில் வேலி போட்ட வெறும் நிலமாகத்தான் இருந்தது. அவர் உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை பாயைப்போலச் சுருட்டிய பதாகையைத் தூக்கிக்கொண்டு ரயில் மாறி மாறிப் போனோம். முதல்நாளைவிடப் பாரமாக இருந்தது. பசை காயவில்லையாக்கும் என்று நினைத்தோம். திடலில் நல்ல காற்று. இரண்டு பைப்பிலும் கட்டி நிமிர்த்தியபோது பதாகை கப்பற்பாய்போல விம்மியது. ஆனால் ஒரு கீறல் விழவில்லை. பின்பக்கம் நின்ற எனக்குக் காரணம் தெரிந்தது. கடதாசிக்குப் பின்னால் நைலோன் நூல், கட்டம் கட்டமாக, மூலைக்கு மூலை வலை முடிச்சோடு ஓடியது. விடிய ஷிப்டுக்குப் போகமுன் அண்ணை பார்த்த வேலை. கெட்டித்தனம் என்று நினைத்தேனே தவிர, மேலே யோசிக்கவில்லை.

தலைவன் முன்னால், மற்றவர்கள் பின்னால், முழு வேகத்தில் வந்தார்கள். தலைவன் நெஞ்சால் மோதினான். கடதாசி உள்ளே குழிந்தது, அவனை ஒரு கணம் ஏந்தி வைத்திருந்தது, பிறகு வந்த வழியே திருப்பி எறிந்தது. பின்னால் வந்தவர்கள் அவன்மேல் விழுந்தார்கள். எதிரணி புல்லில் உருண்டு உருண்டு சிரித்தது. நான் அண்ணியின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். இவ்வளவு நாள் காத்துச் செய்த ஒரே காரியம், கடைசி நாளில், பகிடியாகப் போய்விட்டது.

அண்ணி பின்பக்கம் வந்தார். முடிச்சுகளைப் பார்த்தார். ஒன்றை விரலால் தொட்டு இழுத்துப் பார்த்தார்.

“உங்கட அண்ணையோ?”

“ஓம்.”

“கண்டறியாத கடலோடி” என்றார். ஏச்சா பாராட்டா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

யாரோ கத்தியொன்றை நீட்டினார்கள். அண்ணி வாங்கவில்லை. வெட்டினால் அது வெட்டியது, கிழித்தது ஆகாது என்றார். நேரே எதிரணியிடம் போய், இடுப்பில் கை வைத்து, சிரித்தது காணும், எழும்பி வந்து நீங்களும் ஓடுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு அதட்டல். அவர்கள் எழும்பி வந்தார்கள். இரண்டு அணியும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பதாகையை நோக்கி ஓடியதை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. நைலோன் படபடவென்று அறுந்தது. பச்சையும் வெள்ளையும் காற்றில் ஏறின. என் கையிலிருந்த பைப் பிய்த்துக்கொண்டு போய், ஓய்வறைக் கட்டிடத்தின் பெரிய கண்ணாடிக்குள் புகுந்தது. கண்ணாடி விழுந்த சத்தத்தில்தான் அண்ணி முதல்முறையாகக் கைதட்டினார்.

பின்னேரம் ஷிப்ட் முடிந்து வந்த அண்ணை, சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டார். “பதாகை காத்துக்கு நிண்டதோ?”

“காத்துக்கும் நிண்டது, ஆக்களுக்கும் நிண்டது” என்றார் அண்ணி. “ரெண்டு டீமும் வேண்டியிருந்தது உங்கட முடிச்சை அறுக்க.”

அண்ணை என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். “அப்ப வலை பிழையில்லை” என்றார். அடுத்த கோடைக்கு ஷிப்ட் மாற்றிக்கொண்டு, முட்டைக்குப் பின்னால் ஓடும் தடியன்களைப் பார்க்க அவரும் வரத் தொடங்கினார்.

இன்றைக்கும் அவுஸ்திரேலியர் யாராவது எந்தக் கழகம் என்று கேட்டால், அண்ணி அந்தப் பழைய பெயரைத்தான் சொல்வார். அது இப்போது இல்லையே என்பார்கள். நான் இருக்கிறேனே என்பார். சேர்த்து உண்டாக்கிய புதுக் கழகம் வென்ற செய்தி வந்தால் பேப்பரைப் புரட்டிவிடுவார். வீணான பிடிவாதம், வீணான செலவு என்று எங்கள் சனத்தில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். செலவு என்னவென்று நான் மறைக்கவில்லை. கடதாசி, மா, நைலோன் நூல், இரண்டு பேரின் ரயில், ஓய்வறைக் கண்ணாடி, அதைப் பொருத்திய கூலி, எல்லாமாக நூற்றுப் பதினான்கு பவுண்.