கடைக்குப் பின்னாலிருந்த முற்றம்

கண்டியின் பழைய கடைவீதிகளில் நடப்பவர்களுக்கு, சில கடைகளின் பின்னால் வானம் திறந்த முற்றங்கள் இருப்பது தெரியாது. நான் கம்பளையில் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவள். வேலையில்லாத நாட்களில் பஸ் ஏறி வந்து, கடைக்காரர்களிடம் கேட்டு, அந்த முற்றங்களை எடுப்பேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு புடவைக் கடை முதலாளி, "உள்ளுக்குப் போங்க தங்கச்சி, பொம்பளைங்க இருக்காங்க" என்றார்.

துணி அடுக்குகளுக்கு இடையில் இருட்டான நடை. அதைத் தாண்டியதும் கண் கூசியது. கருங்கல் பாவிய சின்ன முற்றம். அதன் ஓரத்துத் தாழ்வாரத்தில் போட்ட கட்டிலில் முதலாளியின் தம்பி ஒருக்களித்துப் படுத்திருந்தார். பாரிசவாதத்தில் ஒரு பக்கமும் பேச்சும் போய்விட்டன. அவருடைய மனைவி எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார்.

"நாள் முழுக்க இதத்தான் பாத்துக்கிட்டு இருப்பாரு. மழை பேஞ்சா சிரிப்பாரு."

நான் படமெடுத்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அடுத்த மாசம் இத மூடப் போறாங்க. மேல சாமான் அறை கட்ட. உங்கட படத்தக் காட்டினா நிப்பாட்டுவாங்களா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பார்க்கிறேன் அக்கா என்றேன்.

கண்டியில் பழைய கட்டிடங்களைப் பாதுகாக்கும் ஓர் அலுவலகத்துக்குப் படங்களைக் கொண்டுபோனேன். அங்கிருந்த அதிகாரி ஒவ்வொன்றையும் ரசித்துப் பார்த்தார். "முன்பக்கத்த எப்பவோ உடைச்சு மாத்திட்டாங்க. உள்ளுக்குச் செய்றத எங்களுக்கு நிப்பாட்ட ஏலாது" என்றார். ஒரு படம் தர முடியுமா என்றும் கேட்டார்.

முதலாளியிடமே பேசினேன். அவர் கோபப்படவில்லை.

"தம்பிக்கு மருந்து, அவன்ட பிள்ளைகளுக்குப் படிப்பு, எல்லாம் இந்தக் கடையிலதான். சாமான் வைக்க எடமில்ல. நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க."

படங்களை உறைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

மூடும் நாளில் அக்கா போன் பண்ணினார். போனேன். மேசன்மார் மேலே பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பலகைக்கும் கட்டிலின்மேல் இருந்த வெளிச்சம் சுருங்கியது. கட்டிலை நகர்த்த வேறு இடமில்லை. அவர் நல்ல கையைத் தூக்கி என் கமராவைக் காட்டினார். எடு என்கிறாரா, எடுக்காதே என்கிறாரா? மனைவியைப் பார்த்தேன்.

"எனக்கும் வெளங்கல்ல" என்றார்.

கமராவைப் பைக்குள் வைத்தேன். அவர் கையை இறக்கவில்லை. மறுபடி வெளியே எடுத்தேன். அப்போதும் கை அப்படியே இருந்தது. கடைசியில் மனைவிதான் அதைப் பிடித்து மெத்தையில் வைத்தார்.

போன வாரம் பார்க்கப் போனேன். பகலிலும் குழல் விளக்கு எரிந்தது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வெளியே மழை பெய்தது. உள்ளே சத்தம்கூடக் கேட்கவில்லை. அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "கல்யாண வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன்.