எருமையின் தோள்பட்டை எலும்பு

என் மேசைமேல் ஓர் எருமையின் தோள்பட்டை எலும்பு கிடக்கிறது. அத்தை விட்டுப்போனதில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

அப்பாவுக்கு அக்கா அவர். தாம்பரம் பக்கத்துப் பெண்கள் பூவும் கோலமும் வரைந்துகொண்டிருந்த காலத்தில் மாடு, கழுதை, தெருநாய் என்று வரைந்த முதல் பெண். தோலை மட்டும் பார்த்து வரைந்தால் மாடு நிற்காது என்று விடியற்காலையில் கறிக்கடை வாசலில் போய் நிற்பார். இந்த எலும்பும் அங்கே கேட்டு வாங்கியதுதான். சர்ச் சபையில் சும்மா இருப்பார்களா? "கல்யாணமாகாதவளுக்குக் கறிக்கடையில என்ன வேலை?" என்று ஓர் அம்மா முகத்துக்கு நேராகவே கேட்டார். "உள்ள என்ன இருக்குன்னு பாக்கறேங்க்கா, உங்களுக்கும் பாத்துச் சொல்லட்டுமா?" என்றார் அத்தை.

முடிச்சூர் வீட்டுக்குள் மழைவெள்ளம் புகுந்தபோது அவர் படங்களெல்லாம் கூழாகிவிட்டன. அதன்பிறகு அவர் காகிதத்தை நம்பவில்லை. மாடம்பாக்கத்தில் அப்பா வீட்டுக்கு வந்து, கூடத்துச் சுவரில் ஏரியிலிருந்து கரையேறும் எருமைகளைக் கரியால் ஆளுயரத்துக்கு வரைந்தார். நான் செல்போனை எடுத்தால் தடுப்பார்: "கால் முடியட்டும்டி. காலில்லாத மாட்ட ஃபோட்டோ புடிச்சா அது எங்க போகும்?" கடைசி எருமையின் பின்னங்கால் முடிவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அடக்கத்துக்குப் பிறகு வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்திருந்தோம். அன்று காலை நான் போனபோது கூடத்துச் சுவர் வெள்ளைவெளேர் என்று இருந்தது. "பாதியில நிக்கிறதப் பாத்து நாலு பேரு அக்காவ மறுபடி ஏதாச்சும் சொல்லிடக் கூடாதுன்னுதாம்மா அடிச்சேன்" என்றார் அப்பா. அவர் கையில் இன்னும் சுண்ணாம்பு காயவில்லை. கழுவச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். எல்லோரும் போனபின் ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்தேன். சுண்ணாம்போடு கரியும் சேர்ந்து சாம்பல் தண்ணீராக வழிந்தது.

போன ஞாயிறு சர்ச்சில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளிடம் அத்தையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கறிக்கடைக் கதைக்கு நன்றாகச் சிரித்தார்கள். பிறகு முன்வரிசைச் சிறுமி கேட்டாள்: "ஆன்ட்டி, அவங்க வரைஞ்ச மாட்ட காட்டுங்க."

எலும்பைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது மாடு இல்லையே ஆன்ட்டி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.