பம்பருக்குப் பூசிய ஆயில்

நல்லம்பள்ளியில் கார் கழுவுவது என் வேலை. நாற்பது வயதான என் அண்ணன் பொம்மிடிக்குப் பெண் பார்க்கக் கிளம்பினார். அவர் காரின் கறுப்பு பிளாஸ்டிக் பம்பர் வெயிலில் வெளுத்திருந்தது. பாலிஷ் தீர்ந்துவிட்டதால் பழைய இன்ஜின் ஆயிலைத் தேய்த்தேன். பளபளத்தது. நானும் கூடப் போனேன்.

பெண்ணின் அப்பா பம்பரை ஒட்டி நின்று பேசினார். வெள்ளை வேட்டியில் கறுப்பு அப்பிக்கொண்டது.

“காருக்கே மை பூசிக் கூட்டியாந்துட்டீங்க. மாப்பிள்ள தலைக்கு எத்தன டப்பா ஆச்சுங்க?” என்றார்.

அண்ணன் டை அடித்திருந்தது உண்மை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அண்ணன் என்னை மட்டும் பார்த்தார்.

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. பிறகு அவர் பெண் பார்க்கவே போகவில்லை.

ஆயில் பூசியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

“வுடுறா, ஆயிலு தொடச்சா போயிரும்” என்றார்.

நான் சிரித்ததைப் பற்றி இன்றுவரை இருவரும் பேசவில்லை.