கருவாட்டு விலைக்கு நிறுத்துக் கொடுத்த காசு

யுத்தம் முடிந்து நான்கைந்து வருடங்கள் இருக்கும். புத்தளத்துக்குப் பக்கத்தில் மாம்புரிக் கடற்கரையில், மீனைக் காயவைத்து விற்கும் கொட்டிலாக நாங்கள் கருவாட்டு வாடி போட்டிருந்த காலம். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லாரையும் மன்னாரிலிருந்து வெளியேற்றியபோது என் மாமனார் மடியில் கட்டிவந்த காசை வழியிலேயே பறிகொடுத்தவர். அதனால் கையில் காசு வைப்பதென்றாலே என் கணவருக்குப் பயம். எங்கள் ஆட்களில் பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது வீடும் கொடுக்க வேண்டும். மகளின் வீட்டுக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்ததை எல்லாம் புத்தளத்தில் ஒரு வங்கியில், வட்டி வேண்டாம் என்று சொல்லிப் போட்டு வைத்திருந்தார்.

அந்த நிம்மதியை ஒரு கூட்டம் கெடுத்தது. மீனவர் சங்கத்துக்கு வங்கியிலிருந்து ஒரு பிள்ளை வந்து வைப்புக் காப்புறுதி பற்றி விளங்கப்படுத்தினாள். வங்கி முறிந்து போனாலும் நாம் வைப்பிலிட்ட பணம் ஒரு எல்லைவரைக்கும் திரும்பக் கிடைக்கும் என்றாள். நல்ல செய்திதான். ஆனால் என் கணவரின் காதில் வங்கி முறியும் என்பது மட்டும்தான் விழுந்தது.

"முறியாதெண்டா என்னத்துக்குக் காப்புறுதி? ஏதோ தெரிஞ்சுதான் இப்பவே சொல்லி வைக்கிறாங்க" என்றார் வீட்டுக்கு வந்ததும்.

"அந்தப் புள்ளகிட்டயே கேட்டிருக்கலாமே."

"கேட்டா உண்மையச் சொல்லுவாளா? அவட சம்பளமும் அங்கதானே."

தோணியில் மிதவை அங்கி ஏற்றுவது தோணி கவிழப்போகிறது என்பதற்காகவா? அப்போது எனக்கு இப்படிக் கேட்கத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் பயம்தான். அடுத்த கிழமையே போய்க் காசு முழுவதையும் எடுத்துவிட்டார். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டதற்கு, "பாதுகாப்பா இரிக்கி" என்றார்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது கூத்துத்தான். மின்சார மீட்டர் வாசிப்பு எடுக்க வந்தவரை வாசல் படலையில் நிறுத்தி அடையாள அட்டை கேட்டார். பக்கத்து வீட்டுக்காரி அடிக்கடி சீனி கேட்டு வருவது ஏன் என்று என்னிடம் விசாரித்தார். அவருடைய சொந்தத் தம்பி நோன்பு திறக்க வந்தபோதுகூட வாடிப் பக்கம் போகவிடவில்லை. அவர் இல்லாத நேரம் நானும் அலுமாரியை, அரிசி வாளியை, தலையணையை எல்லாம் தடவிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. வேறு யாருக்காவது கொடுத்துவிட்டாரோ என்றுகூட நினைத்தேன், அல்லாஹ் மன்னிக்கட்டும்.

மழை தொடங்கிய நாட்களில் அவருக்கு எலிக்காய்ச்சல் வந்தது. புத்தளத்திலிருந்து சிலாபம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நினைவு தப்பி என்னென்னவோ பிதற்றினார். வேன் கூலி, வெளியில் எடுக்கச் சொன்ன பரிசோதனைகள் என்று கையில் இருந்தது கரைந்து போனது. வாடியிலோ கருவாடு நனைந்து பழுதாகும் நிலை. எங்களிடம் வழமையாகக் கருவாடு வாங்கும் சிலாபத்து முதலாளி லொறியோடு வந்தார். சிங்களவர், நன்றாகத் தமிழ் கதைப்பார். தராசில் அவர் விரல் படுகிறது என்று என் கணவர் வருடக்கணக்காகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த ஆள். எல்லாச் சாக்கையும் நிறுத்துக் கொடுத்தேன். மூலையில் கட்டா மீன் கருவாட்டுச் சாக்கு ஒன்று இருந்தது. "அதத் தொடாத, கொழும்பு ஆளுக்கு வெச்சிரிக்கி" என்று கணவர் முன்பே சொல்லியிருந்தார். கொழும்பு ஆளைப் பார்த்தால் நோயாளியை யார் பார்ப்பது? அதையும் தராசில் தூக்கி வைக்கச் சொன்னேன்.

காய்ச்சல் விட்டுக் கண் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கட்டாச் சாக்கு நனையல்லயே?"

"அத முதலாளிட்ட வித்திட்டேன்."

அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வங்கியிலிருந்து எடுத்த காசு அந்தச் சாக்குக்குள்தான் இருந்திருக்கிறது. மகளின் வீட்டைக் கருவாட்டு விலைக்கு நிறுத்து விற்றிருக்கிறேன். முதலாளிக்குக் கோல் எடுத்தோம், மணி அடித்தது, தூக்கவில்லை. திரும்ப எடுத்தபோது போன் நிறுத்தப்பட்டிருந்தது. "ஆள் காசோட மாறிட்டான். இனி அந்த லொறி இந்தப் பக்கம் வராது" என்று சொல்லிவிட்டு என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மாற்றுடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தேன். படலையில் லொறி நின்றது. முதலாளி தன் மனைவியையும் கூட்டி வந்திருந்தார். கட்டாச் சாக்குக்குள் கிடந்த, பொலித்தீனில் சுற்றிய பொதியைக் கதிரையில் வைத்தார். உள்ளே காசுத் தாள்கள் தெரிந்தன, கட்டு அவிழ்க்கப்படவில்லை.

"அக்கா, இப்ப எண்ணுங்க. நாங்க ரெண்டு பேரும் பாக்கிறம். பிறகு குறையுது எண்டு சொல்ல வேணாம்" என்றார்.

அவரும் எங்களைச் சந்தேகப்பட்டிருக்கிறார். கருவாட்டுக்குள் காசை வைத்து விற்று, பிறகு பொலிசுக்குப் போய் மாட்டிவிடப் பார்க்கிறோமோ என்று பயந்து போனை நிறுத்தி வைத்தாராம். மனைவிதான் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று கூட்டி வந்திருக்கிறார். எண்ணினேன். ஒரு தாளும் குறையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்காதவர்போல, பொதியின் நிறைக்குத் தான் கொடுத்திருந்த கருவாட்டு விலையைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அதில் அவர் ஒரு சதமும் விட்டுத் தரவில்லை.

கணவர் எழுந்து நடமாடியதும் இருவரும் வங்கிக்குப் போனோம். கூட்டத்துக்கு வந்த அதே பிள்ளையிடம், இந்த முறை நான்தான் கேட்டேன். எங்கள் காசு முழுவதும் அந்த எல்லைக்குள்தான் இருந்தது என்றாள். இருவர் பெயரிலும் கணக்குத் திறந்தோம். கருவாடு மணத்துக் கிடந்த தாள்களை எண்ணும்போது அவள் முகத்தைச் சுளித்தாள். பாவம்.

மகளுக்கு வீடு கட்டியாயிற்று. வங்கிக்காரர் சொல்வதை இன்றும் நான் இரண்டு தரம் கேட்டுத்தான் தலையாட்டுகிறேன், அதில் தப்பில்லை. ஆனால் அவர் காசை ஒளித்து வைத்தது கள்ளனிடமிருந்து மட்டுமல்ல, என்னிடமிருந்தும்தான். சாக்கில் போன காசு முழுதாகத் திரும்பி வந்தது. ஒரே கூரையின் கீழ் அவர் என்னையும் சந்தேகப்பட்டு, நான் அவரையும் சந்தேகப்பட்டு வாழ்ந்த அந்த மாதங்களுக்கு எந்தக் காப்புறுதியும் இல்லை என்பதுதான் இன்றும் என் மனதை உறுத்துகிறது.