இன்னும் ஆறு கிலோ

என் தம்பி நாலு மணி நேரத்தில் இரண்டரைக் கிலோ இளைத்துவிடுவான். வாரத்துக்கு மூன்று முறை இது நடக்கும். செங்கல்பட்டில் அவன் டயாலிசிஸ் செய்துகொள்கிற இடத்தில், மிஷினில் படுப்பதற்கு முன்னால் ஒருமுறை எடை பார்ப்பார்கள், எழுந்த பிறகு ஒருமுறை பார்ப்பார்கள். கிட்னி வேலை செய்யாத உடம்பில் தேங்கிக் கிடந்த தண்ணீரையெல்லாம் மிஷின் உறிஞ்சி எடுத்திருக்கும். அவன் இறங்கியதும் அதே எடைமேடையில் நான் ஏறுவேன். எண்பத்தாறு. போன வாரமும் எண்பத்தாறு. அதற்கு முந்தின வாரமும் அதே சனியன் பிடித்த எண்பத்தாறு. வயிற்றில் துளை போட்டு, இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டு வந்திருப்பவள் நான்! எனக்கு இறங்காதது, சும்மா படுத்துக் கிடக்கிறவனுக்கு இறங்குகிறது. வயிறு எரியாமல் என்ன செய்யும்? மிச்சமிருக்கிற கால்வாசி வயிறும் சேர்ந்து எரிந்தது.

"யக்கா, வேணும்னா என் பெட்டுல நீ படுத்துக்கோ" என்பான் அவன். "ரெண்டு ஊசிதான். நாலு மணி நேரத்துல ஹீரோயினா எழுந்துக்கலாம்."

"மூட்றா வாயை" என்பேன்.

நான் இளைப்பது அழகுக்காக இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கூடுவாஞ்சேரியில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தம்பிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. அம்மாவுக்குச் சர்க்கரை, அவளிடமிருந்து எடுக்க மாட்டார்கள். அவன் மனைவிக்கு ரத்தப் பிரிவு சேரவில்லை. எனக்குச் சேர்ந்தது. நான் கொடுக்கிறேன் என்று சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் போய் நின்றேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அப்போது நான் நூற்றுப் பன்னிரண்டு கிலோ. "இந்த எடையில உங்ககிட்ட இருந்து எடுத்தா உங்களுக்கே ஆபத்தும்மா. எண்பதுக்கு இறக்கிட்டு வாங்க, பேசலாம்" என்றார்.

இறக்கிட்டு வாங்க! மூட்டையா இறக்க? இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று ஆறு மாதம் கொள்ளு ரசம், கொள்ளுச் சுண்டல், கொள்ளுத் துவையல் என்று தின்று தீர்த்தேன். குதிரைகூட அவ்வளவு தின்றிருக்காது. ஏரிக்கரையில் காலையும் மாலையும் நடந்தேன். மூன்று கிலோ இறங்கி, பொங்கல் வந்ததும் நாலு கிலோ ஏறியது. அதற்குள் தம்பியின் கையில் ஊசி குத்துகிற நரம்பு ஒருமுறை அடைத்துக்கொண்டு, கழுத்தில் குழாய் போட்டார்கள். அன்றைக்குத்தான் இரைப்பையை வெட்டுகிற ஆபரேஷனுக்குச் சரி என்றேன். என் வீட்டுக்காரர் பயந்தார். உரலுக்குள் தலையை விட்டாகிவிட்டது, இனிமேல் உலக்கைக்குப் பயந்து ஆகப்போவது என்ன என்று அவரைச் சமாதானம் செய்தேன். உள்ளுக்குள் எனக்குத்தான் அதிகப் பயம்.

முதல் நாலைந்து மாதம் எடை சரசரவென்று இறங்கியது. நான் மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியின் கேன்டீனில் சூப்பர்வைசர். அறுநூறு பேருக்குச் சாம்பார் கொதிக்கிற இடத்தில் நின்றுகொண்டு, அரை இட்லியைக் கால் மணி நேரம் மென்றேன். ஜாக்கெட்டையெல்லாம் பிடித்துத் தைத்தேன். பாத்திரம் கழுவுகிற அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, நாளுக்கு நாள் இளைச்சிகினே போற, சக்கரையா?" என்று துக்கம் விசாரித்தாள். நம் ஊரில் ஒருத்தி இளைத்தால் சந்தோஷப்பட ஒரு ஆள் கிடையாது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தம்பிக்கு ஃபோன் போட்டு, இத்தனை வந்துவிட்டேன், இன்னும் இத்தனைதான் என்று ரயில் வருகிற மாதிரி அறிவித்துக்கொண்டிருந்தேன்.

எண்பத்தாறில் ரயில் நின்றுவிட்டது. கழுதை தேய்ந்து கட்டெறும்பாகும் என்பார்கள், என் கழுதை கழுதையாகவே நின்றது. இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. விடிந்ததும் எடை பார்ப்பேன், பாத்ரூம் போய்விட்டு வந்து பார்ப்பேன், குளித்துவிட்டுப் பார்ப்பேன். கேன்டீன் ஸ்டோரில் அரிசி மூட்டை நிறுக்கிற மேடையில், யாரும் இல்லாத நேரம் பார்த்து ஏறி நிற்பேன். வளையலைக் கழற்றுவேன், ஹேர்பின்னைக் கழற்றுவேன். ஒருநாள் தாலிச் சரட்டையும் கழற்றப் போனபோது வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"இன்னாடி பண்ற? நான் இன்னும் உயிரோடதான் கீறேன்" என்றார்.

அன்று சாயங்காலம் எடை மிஷினைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டார். மறுநாள் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துவிட்டேன்.

டயட் சொல்கிற பெண்ணிடம் ஃபோனில் கத்தினேன். அவள் தங்கமான பெண். "எல்லாருக்கும் இப்படி ஒரு இடத்துல நிக்கும் மேடம். உடம்பு பழகிக்குது. தானா இறங்கும். பாசிட்டிவா இருங்க" என்றாள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அங்கேயும் அதே பாட்டு. பொறுத்தார் பூமி ஆள்வார், பாசிட்டிவ், பாசிட்டிவ், நடுவில் நாலு பூங்கொத்து. பூமியை ஆள நான் எங்கே கேட்டேன்? ஆறு கிலோ கேட்டேன். பொறுக்கலாம், எனக்கென்று இருந்தால் பத்து வருஷம்கூடப் பொறுப்பேன். அடுத்தவன் உயிரை வைத்துக்கொண்டு எப்படிப் பொறுப்பது? தம்பியின் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. மாமல்லபுரத்துக்கும் சென்னைக்கும் டூரிஸ்ட் வேனைப் பறக்கவிட்டவன், இப்போது நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறான். அவன் செத்துப்போய்விடுவானோ என்று எனக்குப் பயம். அந்தப் பயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை, எடை மிஷினில் ஏறி ஏறி இறங்கினேன்.

இன்னொரு கூத்தையும் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு நான் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் குடித்தாக வேண்டும். ஆனால் இத்துனூண்டு வயிற்றில் ஒரு டம்ளரை ஒரேயடியாகக் கவிழ்க்க முடியாது. மடக்கு மடக்காக, நாள் முழுக்க, வேலை மாதிரிக் குடிக்க வேண்டும். அவனுக்கோ அரை லிட்டருக்கு மேல் கூடாது. நான் பாட்டிலும் கையுமாக அவன் பக்கத்தில் உட்கார்ந்தால், என் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பான். அவன் வீடு நெம்மேலியில். "கடலையே குடிநீரா மாத்தி மெட்ராஸுக்கு அனுப்புறாங்க எங்க ஊர்ல. எனக்கு அரை லிட்டராம். இன்னா நியாயம்க்கா இது?" என்பான். நான் பாட்டிலை மறைப்பேன். "மறைக்காத, குடி. எனக்கும் சேர்த்துக் குடி" என்பான்.

இந்த நிலையில் சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். எண்பத்து மூன்று, எண்பத்து மூன்றரைக்கு வந்திருந்தால்கூட மற்ற டெஸ்டுகளை ஆரம்பித்துவிடலாம், மிச்சத்தைப் பிறகு இறக்கிக்கொள்ளலாம் என்றார்கள். கூப்பிட்டது வெள்ளிக்கிழமை. இரண்டரைக் கிலோவுக்கு இரண்டு நாள்.

இரண்டரைக் கிலோ! அந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம். தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து மாதக் கணக்காகப் பார்த்த கணக்கு. எடை என்றால் தண்ணீர். தண்ணீரை எடுத்தால் எடை இறங்கும். அவனுக்கு மிஷின் எடுக்கிறது, நான் வாயைக் கட்டினால் தீர்ந்தது. இதை ஏன் இத்தனை நாள் யோசிக்கவில்லை என்று என் மண்டையில் நானே தட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையிலிருந்து தண்ணீரை நிறுத்தினேன். கேன்டீனில் சோறு வடிக்கிற ஆவிக்குப் பக்கத்திலேயே வேண்டுமென்று நின்றேன். அன்று செங்கல்பட்டுக்குப் போகவில்லை, போனால் தம்பி கண்டுபிடித்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். முந்தின நாள் டயாலிசிஸ் அசதியில் அவன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். உச்சி வெயிலில் கடற்கரையில் நடக்க ஆரம்பித்தேன். "இன்னாத்துக்கு அண்ணி இந்த வெயில்ல? மயக்கம் வரப்போவுது" என்று அவன் மனைவி பின்னாலேயே வந்தாள். அவளுக்காகப் பாட்டிலை வாயில் வைத்து, குடிக்கிற மாதிரி பாவனை செய்துவிட்டு இறக்கினேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மண்ணில் கால் புதையப் புதைய, இழுத்து இழுத்து நடந்தேன். நண்டுகள் என்னைப் பார்த்து ஓடி வளைக்குள் போயின. தலை விண்விண் என்று தெறித்தது. அப்போதுகூட எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, ஜெயித்துவிட்டேன் என்று.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி எடைமேடையில் எண்பத்து மூன்று புள்ளி நாலு. கையெடுத்துக் கும்பிட்டேன். நர்ஸ் சிரித்தாள். ரத்தம் எடுத்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து, தம்பிக்கு ஃபோன் போட எழுந்தேன். எழுந்தது வரைக்கும்தான் நினைவிருக்கிறது.

கண் திறந்தபோது கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் ரத்த ரிப்போர்ட்டோடு நின்றார். கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ஏறுகிற கிரியாட்டினின் கூடியிருந்தது. என் கிட்னியில்!

"நேத்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?"

நான் டிரிப்ஸ் சொட்டுவதைப் பார்த்தேன்.

"முந்தாநாள்?"

டாக்டர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கிட்னி குடுக்க வந்தீங்க. குடுக்க வந்த கிட்னியையே காயப்போட்டுட்டீங்களேம்மா" என்றார். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் நிரந்தரமாகவே கெட்டிருக்கலாம், இப்போதைக்குச் சரியாகிவிடும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் ஒரு மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுக்காமல் எதையும் சொல்ல மாட்டேன், அதுவரை தானத்துக்கான கோப்பு நகராது என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு மாதம். இரண்டு நாளில் முடிக்கப் பார்த்த என் அவசரத்துக்கு ஒரு மாதம். சாயங்காலம் டிரிப்ஸ் முடிந்து எடை பார்த்தார்கள், மறுபடியும் எண்பத்தாறை ஒட்டி வந்து நின்றது. எனக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து ரயிலேறி செங்கல்பட்டுக்குப் போனேன். தம்பிக்கு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. இடது கையில் இரண்டு ஊசி, ரத்தம் குழாயில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் ஒளிக்கவில்லை. அவன் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"உனுக்கு ரெண்டு கிட்னி கீதா?" என்றான் கடைசியில்.

"இருக்கு."

"ஒன்னு உன்னுது. இன்னொன்னு யார்து?"

நான் அவன் போர்வை நுனியை இழுத்துவிட்டேன்.

"என்னுதுதானே? என்னுதுக்குத் தண்ணி ஊத்தாம காயப்போட உனுக்கு யாரு சொன்னது?" குரல் சிரிப்பு மாதிரி ஆரம்பித்து, பாதியில் உடைந்துவிட்டது. "நான் ஒருத்தன் இந்தப் பெட்டுல படுத்துக்கினு கீறது பத்தாதா? பக்கத்து பெட்டுல உன்னையும் பாக்கணுமா? அம்மா மூஞ்சில எப்படி முழிக்கறது நான்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கோபமா அழுகையா என்று இப்போதும் தெரியவில்லை. "பின்ன என்னடா பண்ணச் சொல்ற? நான் மெதுமெதுவா இளைச்சிக்கினு வர்றதுக்குள்ள நீ செத்துப்பூடுவேடா!" என்று கத்திவிட்டேன்.

வார்டே திரும்பிப் பார்த்தது. எதிர்ப் பெட்டில் படுத்திருந்த பெரியவர் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை அது. எல்லாருக்கும் தெரிந்த வார்த்தை. நாக்கைக் கடித்துக்கொண்டேன். மிஷின்கள் மட்டும் ஓடின.

தம்பி என்னையே பார்த்தான். அவனுக்கும் அந்தப் பயம்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஜோக் அடித்து அடித்து அவன் ஓட்டிக்கொண்டிருந்தது அதைத்தான்.

"நீ மெதுவா வா" என்றான். "நீ வர்ற வரிக்கும் நான் எங்கியும் போவ மாட்டேன்."

"சும்மா சொல்லாதே."

"சும்மா சொல்லல."

"அப்ப சத்தியம் பண்ணு."

ஊசி குத்தாத வலது கையை அவன் நீட்டினான். என் தலை அவனுக்கு எட்டவில்லை. தலையில் கை வைத்துச் செய்த சத்தியம் பொய்த்தால், செய்தவனுக்கு ஒன்றும் ஆகாது, தலையைக் கொடுத்தவருக்குத்தான் ஆகாது என்பார்கள். சின்ன வயதில் எந்தப் பொய்யையும் கூசாமல் சொல்வான், என் தலையில் மட்டும் கை வைக்க மாட்டான். அடிவாங்கினாலும் மாட்டான். நான் ஸ்டூலை நகர்த்தி, பெட்டின் மேல் குனிந்து, தலையை நன்றாக அவன் கைக்கு அடியில் கொடுத்தேன்.