கிணற்றுக்கு ஒரு கம்பிமூடி

கிருஷ்ணன்குட்டி வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதி எல்லைச் சோதனைச்சாவடியில் கழிந்தது. வாழைக்குலை ஏற்றிய லாரி வந்தால் குலைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். வைக்கோல் வந்தால் கம்பியை விட்டுக் குத்துவார். டிரைவர் சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று யோசிப்பார். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு காரணம் தேடுவார். வரிமுறை மாறிச் சாவடியை மூடியபோது அவரைத் திருவனந்தபுரத்தில் ஒரு மேசைக்கு மாற்றினார்கள். அங்கிருந்தே ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்தார். சந்தேகம் மட்டும் ஓய்வுபெறவில்லை. சாளை கொண்டுவருகிறவளுக்கு முன்னால் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். பால்காரரிடம், "அங்க நேத்து மழை உண்டா?" என்று கேட்பார்.

பாறசாலைக்குக் கிழக்கே, ரப்பர்மரங்கள் சரிவில் இறங்கி முடிகிற இடத்தில் அவர் வீடு. வெல்டிங் ஆசை ஓய்வுக்குப் பிறகு வந்தது. ஃபோனில் வீடியோ பார்த்து, பழைய ராடு மெஷின் ஒன்றை வைத்துப் பூந்தொட்டி ஸ்டாண்டும் செருப்புத் தட்டும் செய்தார். ராடு அடிக்கடி இரும்போடு ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்கியது. அதனால் வயர் தானே ஓடிவருகிற மிக் மெஷின் ஒன்று வாங்கத் தீர்மானித்தார்.

அதற்கு ஓர் அவசரமும் வந்தது. புனேயில் இருக்கும் மகள் நீது, ஓடத் தொடங்கிவிட்ட குழந்தையோடு ஓணத்துக்கு வருவதாகச் சொன்னாள். முற்றத்துக் கிணற்றின் சுற்றுச்சுவர் இடுப்பளவுகூட இல்லை. மேலே கம்பிமூடி போட்டே ஆகவேண்டும்.

"ஆள வச்சுச் செஞ்சா என்ன?" என்று கேட்டாள் மனைவி விஜயம்மா.

"எவன் எந்தக் கம்பிய எப்படி ஒட்டுவான்னு யாரு கண்டா? நானே செஞ்சுக்கிடுதேன்."

எந்த மெஷின் என்பதில்தான் சிக்கல். இரும்பு உருகும் இடத்தில் காற்று பட்டால் ஒட்டு கெட்டுவிடும். அதைத் தடுக்க ஒரு வகையில் சிலிண்டரிலிருந்து கேஸ் வந்து மூடிக்கொள்ளும். இன்னொரு வகைக்குச் சிலிண்டர் வேண்டாம். வயரின் வயிற்றுக்குள்ளேயே மருந்துப்பொடி இருக்கும், அது எரிந்து புகையாகிக் காவல் நிற்கும்.

பக்கத்தில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் தீபுவிடம் கேட்டார். அவன் யோசிக்கவே இல்லை.

"கேஸ் உள்ளதுதான் மாமா வெல்டிங்கு. மற்றது ஒரே பொகையும் பொரியுமாக்கும். சிலிண்டர் நான் நெறச்சுத் தாறேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கிருஷ்ணன்குட்டி வீடு வரைக்கும் மென்றுகொண்டே வந்தார். சிலிண்டர் இவன் நிறைத்துத் தந்தால், ஒவ்வொரு தடவையும் இவன் வாசலில்தானே போய் நிற்கவேண்டும்?

பனச்சமூட்டில் டூல்ஸ் கடை வைத்திருக்கும் ஜெனில் நேர்மாறாகச் சொன்னான்.

"வீட்டுல ஆசைக்குச் செய்யியதுக்கு எதுக்கு சாரே சிலிண்டர்? எப்பமாவது ஒருக்க எடுப்பிய. மத்த நாளெல்லாம் அதைக் காத்துக்கிட்டு இருக்கணும். கேஸ்லெஸ்னா வெளிய காத்தடிச்சாலும் குத்தமில்ல."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வயர் விலை கூடியது. அந்தப் பக்கத்தில் ஜெனில் கடையில் மட்டும்தான் கிடைக்கும். கிருஷ்ணன்குட்டி அதையும் மென்றார்.

கடைசியில் தீபுவே தன் மெஷினையும் சிலிண்டரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தான். மூடி பெரியது, கிணற்றடியில் வைத்தே ஒட்டிக் காட்டுகிறேன் என்றான். ஒட்டினான். ஆறிய பிறகு கிருஷ்ணன்குட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒட்டு முழுக்க ஆப்பத்தின் நடுப்பாகம் போலப் பொத்தல் பொத்தலாக இருந்தது.

"எலே தீபு, சிலிண்டருக்குள்ள உள்ளது கேஸ்தானா, இல்ல வெறும் காத்தா?"

"காத்து வெளிய அடிக்குது மாமா. கேஸை ஊதிக்கொண்டு போவுது. ஷெட்டுக்குள்ளன்னா இப்படி வராது."

"எனக்கு ஒரு காத்தும் தெரியலியே."

தீபு ஹோஸைச் சுருட்டினான். ஆட்டோவில் ஏறும்போதுதான் சொன்னான்: "லாரிக்காரனுவளப் பாத்துப் பாத்து உங்களுக்குக் கண்ணு இப்படி ஆயிப்போச்சு."

ஒருவன் போனால் மற்றவன். கிருஷ்ணன்குட்டி ஜெனில் கடையிலேயே மெஷின் வாங்கினார். இரண்டு வகைக்கும் ஆகிற மெஷின் அது.

"உள்ளுக்க ஒரு கேபிள மாத்தணும் சாரே. நான் வந்து மாத்தித் தாறேன்" என்றான் ஜெனில்.

வீட்டுக்கு வந்தால் வேறு எதையாவது தலையில் கட்டுவான் என்று அவருக்குத் தோன்றியது. "வேண்டாம், நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, பெட்டியின் சீல் உடைந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மூடியின் ஒரு பாதியை ஒட்டி முடித்தார். பொரி நாலாபக்கமும் தெறித்தது; கம்பியெல்லாம் கடுகு ஒட்டியதுபோல ஆனது. ஆனாலும் பார்வைக்கு ஒட்டியிருந்தது. இரண்டு கல்லின் மேல் அதைத் தூக்கி வைத்து, சோதிக்க ஏறி நின்றார். டப் என்று ஒரு சத்தம். கம்பி விட்டுப்போய் அவர் கால் முழங்கால் வரை உள்ளே போனது. விஜயம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்து கைகொடுத்தாள். கணைக்காலில் தோல் உரிந்திருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. கம்பிகளுக்கு நடுவே விழுந்த அந்த இடைவெளியைப் பார்த்தார். குழந்தையின் உடம்பு அதற்குள் தாராளமாகப் போகும்.

பயம் கோபமாக மாறச் சிறிது நேரமே ஆனது. வயர்ச் சுருளைப் பையில் போட்டுக்கொண்டு பனச்சமூட்டுக்குப் பஸ் ஏறினார்.

"இது டூப்ளிகேட்டு வயர்" என்றார் கடைவாசலிலேயே, நாலுபேர் கேட்க.

ஜெனில் முகம் சிவந்துவிட்டது. சுருளை வாங்கிக் கடை மெஷினில் மாட்டினான். இரண்டு துண்டுக் கம்பியை ஒட்டி, கசடைத் தட்டிவிட்டு, சுத்தியலை அவர் கையில் கொடுத்தான். "நீங்களே அடியுங்க சாரே."

அடித்தார். கம்பி வளைந்தது. ஒட்டு விடவில்லை.

"அப்பம் மெஷினாக்கும் கேடு."

"நான் வந்து பாக்கியேன்னு அன்னைக்கே சொன்னேன். நீங்கதான் வேண்டாம்னிய."

சுருளைக் கழற்றி வாங்கிக்கொண்டு திரும்பினார். மெஷினுக்குள் பழைய பாகம் ஏதாவது இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தார். வீட்டுக்கு வந்து மெஷினின் பக்கக்கதவைத் திறந்து ஃபோன் வெளிச்சத்தை அடித்தார். பழைய பாகம் எதுவும் இல்லை. கதவின் உட்புறத்தில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. கேஸ் என்றால், வயர் வெளியே வருகிற டார்ச்சின் கேபிள் பிளஸ்ஸில், கேஸ் இல்லையென்றால் மைனஸில் என்று படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். கேபிள் பிளஸ்ஸில் கிடந்தது.

அவர் அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்ன, களவு பிடிச்சாச்சா?" என்றாள் விஜயம்மா.

"கேபிள் நேரெதிராட்டு கெடக்கு. அவன் மாத்தணும்னு சொன்னான். நான் கேக்கல."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. "அப்பம் தீபு?" என்று மட்டும் கேட்டாள்.

அது குத்தியது. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு கிணற்றடிக்குப் போய்க் குந்தினார். முகத்தில் ஒரு காற்றும் படவில்லை. ஆனால் புகை ஒருமுழம்கூட நேராக எழவில்லை. ரப்பர்க்காட்டிலிருந்து வந்த ஏதோ ஒன்று அதைப் படுக்கவைத்து இழுத்துக்கொண்டு போனது. ஊதுபத்தி எரிந்து தீரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பழைய ஒட்டுகளையெல்லாம் கிரைண்டரால் அறுத்தெறிந்து, கேபிளை மாற்றிப் புதிதாக ஒட்டினார். இந்தமுறை சத்தமே வேறாக இருந்தது. இரண்டு பாதியும் முடிந்ததும் தீபுவின் வொர்க்‌ஷாப்புக்கு நடந்தார்.

"மூடிய வந்து ஒருக்க பாக்கணும் மக்கா."

"இப்பம் என்ன குத்தம் கண்டுபிடிச்சிய?"

"ஒன் கேஸ்ல குத்தமில்ல. காத்துதான். நான் பாத்தேன்."

தீபு நம்பவில்லை, அது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் வந்தான். மூடியின் மேல் ஏறிக் குதித்தான். ஓரத்தில் நின்று குதித்தான். பிறகு இறங்கி, "கொள்ளாம், நல்லா ஒட்டியிருக்கு" என்றான். ஜெனிலுக்கும் ஃபோன் போட்டுச் சொல்லும்படி விஜயம்மா அவரைப் பாடாய்ப் படுத்தினாள். அவர் கூப்பிட்டார், ஜெனில் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை. கடைக்கு நேரில் போகிற தைரியம் அவருக்கு வர நாளாயிற்று.

ஓணத்துக்கு நீது வந்தாள். குழந்தை மூடிமேல் செத்திப்பூக்களைக் கொட்டி, கம்பிகளுக்கு நடுவே ஒவ்வொன்றாகக் கிணற்றுக்குள் போட்டு விளையாடியது. கிருஷ்ணன்குட்டி பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எழும்பவே இல்லை.

ஓணம் கழிந்து தீபு மெஷினை இரவல் கேட்டு வந்தான். திறந்த வெளியில் ஒரு கேட் வேலையாம், சிலிண்டர் சரிப்படாதாம். கிருஷ்ணன்குட்டி உடனே கொடுத்தார். கொடுப்பதற்கு முன்னால், வயர் எவ்வளவு மிச்சம் என்று தெரிய, சுருளின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். நிமிர்ந்தால் விஜயம்மா ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். அவர் அவசரமாகக் கட்டைவிரலால் கோட்டைத் தேய்த்தார்.