முன்னால் நான்கு, பின்னால் ஒன்று

மானாம்பதி கிருஷ்ணசாமியின் மாட்டுக் கொட்டகையில், உழவு மாடுகளுக்குப் பக்கத்தில், ஒரு காரும் நின்றுகொண்டிருந்தது. அவருடைய அப்பா வாங்கிய வண்டி. கியர் பெட்டிக்குள் பல் உடைந்து மூன்று வருஷமாகிறது. காஞ்சிபுரத்து மெக்கானிக்குகள் வந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கி, மோர் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஐம்பத்தாறாம் வருஷம் அந்தக் காருக்கடியில் வைக்கோலைப் பரப்பி மல்லாந்து படுத்தவன் அருள்தாஸ். கிருஷ்ணசாமியின் கழனியில் கூலிக்காரன். யுத்தத்தின்போது பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் நான்கு வருஷம் லாரிகளைப் பிரித்து மாட்டியவன். எத்தனையோ லாரிகளை எழுப்பி நிறுத்தினான்; ஒன்றைக்கூட ரோட்டில் ஓட்டக் கொடுத்துவைக்கவில்லை. வாசல் வரைக்கும்தான் அவன் ஓட்டலாம். அங்கே டிரைவர் ஏறிக்கொள்வான், இவன் ஸ்பானரும் கையுமாக நின்று புழுதியைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஊருக்கு வந்தும் அந்த ஏக்கம் போகவில்லை. வரப்பில் நின்றபடி இடது காலால் இல்லாத கிளச்சை மிதிப்பான். ஊர் சிரிக்கும். அவன் பெண்சாதி ஞானசுந்தரி சிரிக்கமாட்டாள், திட்டுவாள்.

“இன்னாய்யா, காலை ஒதறிக்கினு கீறே? மாடுகூட உன்னைப் பார்த்து மிரளுது.”

அதனால் கிருஷ்ணசாமி காரைக் காட்டியபோது அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“ஓடுச்சின்னா, ஐயா, மொதல் தபா ஏரிக்கரை ரோட்டுல நான்தான் ஓட்டணும்.”

“சரிடா, சரிடா” என்றார் அவர். எங்கே ஓடப்போகிறது என்ற நினைப்புதான்.

பட்டாளத்தில் கழித்துப்போட்ட ஒரு சின்ன வண்டியின் கியர் பெட்டி செங்கல்பட்டிலிருந்து மாட்டுவண்டியில் வந்தது. பழையதில் முன்னால் போக மூன்று கியர், இதில் நான்கு. ஒரு சாண் நீளமும் அதிகம். பின்சக்கரத்துக்குப் போகும் தண்டை அந்த ஒரு சாணுக்கு வெட்டிப் பற்றவைத்தான். கிணற்று உருளையை உத்தரத்தில் கட்டி, பெட்டியைக் கயிற்றில் தொங்கவிட்டு, விரல் விரலாக நகர்த்தினான். எண்ணெய் சொட்டும். பக்கத்தில் மாடு அசைபோடும். கண்ணை மூடினால் ஏரிக்கரை ரோடு வந்துவிடும். பனைமரங்கள் இரண்டு பக்கமும் நழுவிப் போகும், தண்ணீர் கூடவே ஓடிவரும். வேலை செய்தானா, கனவு கண்டானா என்று அவனுக்கே தெரியாது. கண்ணைத் திறந்தால் போல்ட் மட்டும் இறுகியிருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை காரைக் களத்துக்குத் தள்ளிவந்தார்கள். முன்னே ரோடு, பின்னே ஒட்டினாற்போல வைக்கோல் போர். சந்தனம் பூசி, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அருள்தாஸ் கைப்பிடியைச் சுற்றியதும் எஞ்சின் எழுந்தது. கூட்டத்தைப் பார்த்த கிருஷ்ணசாமிக்கு முறுக்கு ஏறிவிட்டது. சரிகை வேட்டியை மடித்துக்கொண்டு அவரே ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

அருள்தாஸுக்கு அவர் சொன்ன சொல்லை ஞாபகப்படுத்த நாக்கு நுனிவரை வந்தது. ஊர் நடுவே எப்படிச் சொல்வது? விழுங்கிவிட்டான்.

புதுப் பெட்டி, கியர் விழும் இடமெல்லாம் வேறு. பக்கத்தில் உட்கார்ந்து கோலைப் பிடித்துக் காட்டவேண்டிய சங்கதி. ஆனால் சேரிக்காரன் போய் அவர் பக்கத்தில் உட்காருவதாவது! இரண்டு பேருக்குமே அது தோன்றவில்லை. அருள்தாஸ் வழக்கம்போல் எட்டி நின்றான், பானெட்டுக்கு எதிரே, அவர் முகத்தைப் பார்த்தபடி.

“கிளச்சை மிதிச்சி, கோலை இந்தப் பக்கம் ஒதுக்கி, முன்னால தள்ளுங்க ஐயா” என்று தன் இடது கையை நீட்டினான்.

எதிரே நிற்பவனின் இடது கை, உட்கார்ந்திருப்பவருக்கு வலது பக்கம். புதுப் பெட்டியில் வலது பக்கம் இருப்பது ரிவர்ஸ்.

கார் விருட்டென்று பின்னால் பாய்ந்து வைக்கோல் போருக்குள் புகுந்து நின்றது. பாதிப் போர் அதன்மேல் சரிந்தது. களத்தில் எலுமிச்சம்பழங்கள் நான்கும் நசுங்காமல் அப்படியே கிடந்தன.

கிருஷ்ணசாமி வைக்கோலும் தலையுமாக வெளியே வந்தார். “இன்னாடா பண்ணி வச்சிகீறே என் வண்டியை?”

அருள்தாஸ் தன் கையையே பார்த்தான். அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. “பெட்டி நல்லாத்தான் கீது ஐயா. நான் எதிர்ல நின்னு காட்டனேன், பக்கம் மாறிப்போச்சி.”

“எதிர்ல ஏன்டா நின்னே?”

“வேற எங்கய்யா நிக்கறது?”

அவன் குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். கிருஷ்ணசாமி வேட்டியில் ஒட்டிய வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்தார், ரொம்ப நேரம் எடுத்தார். பிறகு காரைச் சுற்றிப் போய் இடதுபக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

“வந்து ஓட்டு. எலுமிச்சம்பயம் இன்னும் நசுங்கல.”

அருள்தாஸ் மறுபடி கைப்பிடியைச் சுற்றி எஞ்சினை எழுப்பிவிட்டு, காலைத் துடைத்துக்கொண்டு ஏறினான். எலுமிச்சம்பழங்கள் சக்கரத்துக்கடியில் ஒவ்வொன்றாக வெடித்தன. ஏரிக்கரை ரோடு கனவில் கண்டதைவிட மேடுபள்ளமாக இருந்தது. பனைமரங்கள் மட்டும் அதேபோல நழுவின. காற்றில் கூரையிலிருந்து வைக்கோல் பறந்தது. கீழே கழனியில் நட்டுக்கொண்டிருந்த ஞானசுந்தரி நிமிர்ந்தாள். கையிலிருந்த நாற்றைக் கீழே போடவும் மறந்து நின்றாள்.

இரண்டாவது விழுந்தது. மூன்றாவது விழுந்தது.

“இன்னும் ஒண்ணு கீதுன்னியே?” என்றார் கிருஷ்ணசாமி.

“கீது ஐயா.”

“போடு.”

அருள்தாஸ் இடது காலால் மிதித்தான். இந்தத் தடவை காலுக்கடியில் கிளச் இருந்தது.